பைபாஸ் என்று சொல்லக் கூடாது

அப்பாவுக்கு அந்த ஆபரேஷன் நடந்தபோது தாம்பரத்தில் எங்கள் தெருவுக்கே பைபாஸ் என்பது புது வார்த்தை. டாக்டர் எங்களிடம் பொறுமையாகச் சொன்னார்: இதயத்துக்கு ரத்தம் போகும் குழாய் அடைத்துக்கொண்டால், காலிலிருந்து ஒரு குழாயை எடுத்து இணைத்து, ரத்தம் போக வேறு வழி செய்வது. அவ்வளவுதான்.

பெரியப்பாவுக்கு அது போதவில்லை. படப்பைப் பக்கம் இருந்த வயலை மனை போட்டு விற்றுப் பெரிய மனிதர் ஆனவர். "எங்க தம்பி இதயத்த வெளிய எடுத்துக் கழுவி, திரும்ப உள்ள வெச்சுகீறாங்க. பைபாஸுன்னா இன்னா சும்மாவா?" என்று டீக்கடையில் அளந்தார். அப்பாவைப் பார்க்க ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தவர்களுக்கெல்லாம், அப்பாவின் சட்டைப் பொத்தானைத் தன் கையாலேயே கழற்றித் தையலைக் காட்டினார். அவர்களும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாளில் அக்காவைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். பெரியப்பாவின் பேச்சு தலைகீழானது.

"பைபாஸுன்னு எவனும் வாயத் தொறக்கக் கூடாது. அப்பனுக்கு வந்தது பொண்ணுக்கும் வரும்னு ஓடிப்பூடுவானுங்க. ஹெர்னியான்னு சொல்லுங்க."

அம்மா தலையாட்டினாள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இருமல் வந்தால் ஒரு தலையணையை மார்போடு இறுக்கி அணைத்துக்கொண்டுதான் அப்பா இரும வேண்டும். இல்லாவிட்டால் அறுத்துச் சேர்த்த நெஞ்செலும்பு வலியில் உயிர் போய்விடும். ஆஸ்பத்திரியிலேயே பழக்கி அனுப்பியிருந்தார்கள். பெரியப்பா அந்தத் தலையணையைப் பிடுங்கி உள்ளறையில் போட்டார். அந்த வெயிலிலும் அப்பாவுக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டுவிட்டார்.

பிள்ளை வீட்டார் வந்தார்கள். வீடெல்லாம் பஜ்ஜி எண்ணெய்ப் புகை. பிள்ளையின் அப்பா எண்ணெய் வழியும் விரலால் அப்பாவின் தட்டில் இன்னொரு பஜ்ஜியை வைத்து, "சாப்பிடுங்க சார், ஹெர்னியாதானே" என்றார். அப்பாவுக்குப் புரையேறியது. இருமலை அடக்கினார். முகம் சிவந்தது, கண்ணில் நீர் கோத்தது, கை மடியில் தலையணையைத் தேடியது. பெரியப்பா வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தபடியே அந்தக் கையைப் பிடித்து அழுத்தினார். இத்தனை அருவருப்பான சிரிப்பை நான் பிறகு யாரிடமும் பார்த்ததில்லை.

காபித் தட்டோடு வந்த அக்கா தட்டைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். தலையணையோடு திரும்பி வந்து, எல்லோர் முன்னாலும் அதை அப்பாவின் மார்பில் வைத்தாள்.

"அப்பாவுக்கு பைபாஸ் பண்ணியிருக்கு" என்று வந்தவர்களிடம் சொன்னாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, "நீங்க இருமுங்கப்பா" என்றாள்.

அப்பா இருமினார். வந்தவர்கள் காபியைத் தொடாமல் எழுந்தார்கள். "போச்சு, எல்லாம் பூடுச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டு பெரியப்பா அவர்கள் பின்னால் ஓடினார்.

இருமி ஓய்ந்ததும் அப்பா சட்டையின் மேல் பொத்தானைத் தானே கழற்றினார்.

"ஃபேனைக் கொஞ்சம் வேகமா வைம்மா" என்றார்.