மாம்பிங்கா கழுவிய ஜன்னல்கள்

"என்ன மாம்பிங்கா இது? கண்ணாடியில எதுக்குச் சேறு பூசி வெச்சிருக்கு?" என்று அண்ணியைக் கேட்டார் வுயானி.

"உங்க அண்ணன் பூசினது. இருவாச்சி வந்து கொத்தும்னு."

மேல் கண்ணாடியில் ஒரு மர இருவாச்சி தன் உருவத்தைப் பார்த்துச் சிவந்த அலகால் தட்டிக்கொண்டிருந்தது. வுயானி சிரித்தார்.

"இந்தக் கோழிக்குஞ்சுக்கா பயந்தான்? சரி, அந்தப் பெரிய தரை இருவாச்சி?"

"அதுவும் இருவாச்சிதானே தம்பி. மூக்கு கொஞ்சம் பெருசு."

"அப்போ கழுவிடு. விருந்தாளிங்க வர்றாங்க."

"முகம் பார்க்கிற மாதிரி கழுவித் தர்றேன்."

வுயானியின் மகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போயிருந்த நான் வாயைத் திறக்கவில்லை.

வுயானி சிறுவனாகச் சுரங்க வேலைக்குப் போனபோது எங்கள் குன்றில் எந்த வீட்டுக்கும் கண்ணாடி கிடையாது. அண்ணன் சாவுக்குத் திரும்பியவர், துக்கம் முடிந்ததும் வீட்டைத் தானே எடுத்துக்கொண்டு மாம்பிங்காவின் போர்வையையும் பானைகளையும் சோளம் போட்டுவைக்கும் வட்டக் குடிசையில் எறிந்தார். அந்த வீட்டைக் கட்ட ஆற்றுமணலைத் தலையில் சுமந்தவர் மாம்பிங்கா. அவர் அழவில்லை. தினமும் காலையில் கொழுந்தனுக்கு வணக்கம் சொன்னார். அடங்கிவிட்டார் என்றே நினைத்தோம்.

மர இருவாச்சி கொஞ்ச நேரம் தட்டும், சீட்டியடிக்கும், பறந்துவிடும். தரை இருவாச்சி வான்கோழி கனம். குடும்பமாக நடந்து வரும். தன் நிலத்தில் வேறொன்றைப் பொறுக்காது. கண்ணாடிக்குள் எதிரியைக் கண்டால் அது மறையும்வரை கடப்பாரை போலக் குத்தும்.

மாம்பிங்கா சாம்பல் தொட்டுத் தரையை ஒட்டிய கீழ்க் கண்ணாடிவரை தேய்த்தார்.

விருந்தன்று காலை சிவந்த தொண்டையோடு தரை இருவாச்சிகள் வந்தன. முதல் கண்ணாடி நொறுங்கியதும் வுயானி தடியை ஓங்கினார். அவருடைய மாமாவே கையைப் பிடித்தார்.

"அது மழைப் பறவைடா, கொன்னேன்னா, மழை பொய்ச்சா ஊரே உன்னைத்தான் கேட்கும்!"

ஒரு பறவை உடைந்த ஜன்னல் வழியாக உள்ளே நடந்தது. கெட்ட சகுனமென்று விருந்தாளிகள் இறைச்சித் தட்டுகளோடு மாட்டுப்பட்டிப் பக்கம் போய்விட்டார்கள். மாம்பிங்கா குடிசை வாசலில் சோளம் உதிர்த்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நகரத்திலிருந்து புதுக் கண்ணாடி வந்தது. இந்த முறை வுயானியே சேறு பூசினார். அண்ணி வாசலை மிதிக்கக் கூடாதென்றும் சொல்லிவிட்டார்.

ஒரு சாயங்காலம் மாம்பிங்கா என்னைப் பாதையில் நிறுத்தினார்.

"நொலூவோ, நீ இன்னும் அந்தப் பொண்ணுக்குப் பாடம் சொல்லப் போறேல்ல?"

"போறேன் அக்கா."

"அவன் இருக்கிறவரைக்கும் அது என் வீடு இல்ல. ஒரு ஈரத்துணி தர்றேன். வரும்போது கீழ்க் கண்ணாடியை மட்டும் துடைச்சு விட்டுடு."