என் ஃபார்மை நிரப்பிய பெண்

இன்று மதியம் பொத்தேரியில் செங்கல்பட்டு ரயில் ஏறினேன். படிப்பது உளவியல் பிஎச்டி. மனப்பதற்றம் பற்றிய என் கூகுள் ஃபார்முக்கு யாராவது பதில் அனுப்பினார்களா என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் போனைப் பார்ப்பதுதான் இப்போது என் முழுநேர வேலை.

பக்கத்தில் இரண்டு கல்லூரிப் பெண்கள். என்னை ஒட்டி உட்கார்ந்தவளின் போனில் என் ஃபார்ம்.

எல்லாக் கேள்விக்கும் நடுவில் இருக்கும் 'ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது' என்பதையே தட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி அது?" என்றாள் தோழி.

"யாரோ ஒரு அக்காவோட ரிசர்ச்சாம். குரூப்ல டெய்லி கெஞ்சிகினு கீது, பாவம்."

"படிச்சுப் பாத்தியா?"

"யாரு படிப்பா? நடுவுல தட்டிகினே போனா முடிஞ்சிரும்."

படித்துத்தான் பதில் சொல்கிறார்களா என்று பார்க்க, 'இதற்கு மட்டும் கடைசி விடையைத் தேர்ந்தெடுக்கவும்' என்று ஒரு கேள்வி வைத்திருந்தேன். அதிலும் நடுவில்தான் தட்டினாள்.

போனைப் பிடுங்கிவிடலாம் போலிருந்தது. ஆனால் பதில் சொல்வது யார் என்று எனக்குத் தெரியவே தெரியாது என ஃபார்மின் தொடக்கத்தில் சத்தியம் செய்திருப்பவள் நான். வாயைத் திறக்கவும் வழியில்லை, சும்மா உட்காரவும் முடியவில்லை.

அவள் சப்மிட் கொடுத்தாள். என் போன் அதிர்ந்தது.

"இன்னாக்கா, அப்பலேர்ந்து காலை ஆட்டிகினே கீறீங்க. டென்ஷனா?" என்று என் பக்கம் திரும்பினாள்.

என் ஃபார்மின் மூன்றாவது கேள்வியே அதுதான்.

"ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றேன்.

அவள் பதிலை வைத்துக்கொள்ளவா, நீக்கவா? கமெண்ட்டில் சொல்லுங்கள். தயவுசெய்து நடுவில் தட்டாதீர்கள்.