எந்தக் கரை கண்ணு?

போன வாரம் ரேடியோவில் சொன்னார்கள் - புயல் நாளை மாலை கரையைக் கடக்கும், உள்மாவட்டங்களிலும் பலத்த காற்றுடன் மழை பெய்யலாம் என்று.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? கூரை ஷீட்டின் மேல் கல் ஏற்றினேன். மெழுகுவர்த்தி, மண்ணெண்ணெய், குடம் நிறையக் குடிதண்ணீர்... எல்லாம் தயார். பிறகு வீடு வீடாகப் போய், "நாளைக்குப் புயல் கரையைக் கடக்குதுங்க, உஷாரா இருங்க" என்று எச்சரித்துவிட்டு வந்தேன்.

காலையில் பார்த்தால், பக்கத்து வீட்டு சரோஜா அக்கா துணிமூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார். நிறைமாதக் கர்ப்பிணியான மகளைக் காங்கேயம் பஸ் ஏற்றிவிடப் போகிறாராம்!

எனக்குப் பகீரென்றது. இந்த நிலையில், அந்தக் குலுக்கலிலா?

"ஏனுங்க்கா, புயல் நேரத்துல பஸ்ஸா? ஊட்டுலயே இருக்கலாமுங்க."

"இருந்து? கரை ஒடைஞ்சா மொதல்ல முங்கறது எங்க ஊடுதான்!"

அப்போதுதான் உறைத்தது. நாங்கள் குடியிருப்பது சிங்காநல்லூர் குளத்துக்குக் கீழே, பள்ளத்தில். எங்கள் தெருவுக்குத் தெரிந்த கரை ஒன்றே ஒன்றுதான்.

"அய்யோ, அது கடல்கரைங்க்கா! எங்கயோ கெழக்க..."

"கோயமுத்தூருக்கு ஏது கண்ணு கடலு?" என்னை ஏற இறங்கப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "வெளிய சொல்லக்கூடாதுன்னு ஆராச்சும் சொல்லிப்போட்டாங்களா?"

மறுக்க மறுக்கச் சந்தேகம் வளர்ந்தது. குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்தது எதற்கு? குளம் உள்ளே வந்தால் நல்ல தண்ணி கிடைக்காது என்றுதானே? படித்தவன் ஒன்றைச் சொன்னால் இன்னொன்றை ஒளிக்கிறான் என்று இவர்களுக்கு யார்தான் சொல்லி வைத்தார்களோ!

கடைசியில் அக்காவே ஒரு வழி சொன்னார். "செரி, இன்னிக்கு உங்கம்மாள எங்கூட்டுல வந்து படுக்கச் சொல்லு. அப்ப நம்பறேன். புள்ளைய அனுப்பல."

அம்மா மறுபேச்சில்லாமல் தலையணையை எடுத்துக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெற்றவளாவது நம்புகிறாளே!

வாசல்படி இறங்கியவள் நின்றாள். திரும்பி வந்து, காதோரம் கேட்டாள்:

"ஏங்கண்ணு... நெசமாலுமே கடல்கரைதானே?"

கொஞ்சம் காற்றடித்தது. தூறிவிட்டுப் போனது. அக்காவின் மகள் தன் வீட்டிலேயே நிம்மதியாகத் தூங்கினாள்.

புயல் கரையைக் கடந்துவிட்டது. சந்தேகம்தான் இன்னும் கடந்தபாடில்லை!