பாதியில் நின்ற ஐரிஷ் பாட்டுகள்

எண்பதுகளின் கடைசியில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கேசட் கடையில் வேலை செய்தேன். வருகிறவர்கள் வேண்டிய பாட்டுகளைச் சொல்வார்கள். நான் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வெற்று கேசட்டில் பதிந்து கொடுப்பேன். ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு அது நல்ல வேலை. பாட்டு ஓடும்போது மெஷினையே பார்த்துக்கொண்டிருக்கலாம். யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை.

அதில் ஒரு சிக்கல் உண்டு. கேட்ட பாட்டுகள் முடிந்த பிறகும் டேப்பில் இரண்டு மூன்று நிமிடம் மிச்சமிருக்கும். அதை வெறுமையாக விட்டுவிட்டால் நம் ஆட்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். "முழு டேப்புக்குத்தானே காசு குடுத்தேன்? கடைசில உஸ்ஸுன்னு காத்து வருது!" என்பார்கள். முதலாளி இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். "எந்த கேசட் விக்கலையோ அதைப் போட்டு ரொப்புடா."

விற்காத கேசட் ஒன்று கைவசம் இருந்தது. கம்பெனி வேன்காரர் மாதா மாதம் புதிய ஆங்கிலப் பாட்டுகளை அட்டைப் பெட்டியில் கொண்டுவருவார். ரேடியோவில் வருகிற பெரிய ஆட்களின் கேசட்டுகள் மேலே இருக்கும். பெயர் தெரியாத சின்னக் கம்பெனிகள் வெளியிட்டவை அடியில் கிடக்கும். இது அடியில் கிடந்தது. அட்டையில் ஒல்லியான நான்கு பேர் மழையில் நனைந்தபடி ஒரு சுவரோரம் நின்றார்கள். கூடவே ஒரு நாய். ஐவரில் நாய்தான் கொஞ்சம் உற்சாகமாக இருந்தது. எனக்கு ஆங்கிலம் புரியாது. ஆனால் பாடுகிறவனைப் பிடித்துப்போயிற்று. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்று கூச்சப்படுகிறவன் மாதிரி பாடினான். மிச்ச டேப்பில் எல்லாம் அவனையே ஏற்றினேன். பத்துமலைக் காவடிப் பாட்டுக்குப் பின்னாலும் அவன்தான், கல்யாணப் பாட்டுக்குப் பின்னாலும் அவன்தான். கடைசியில் ஒரு நாள் மெஷின் அந்த டேப்பை மென்று துப்பிவிட்டது. முதலாளி அட்டையோடு சுருட்டிக் குப்பையில் போட்டார்.

அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான் ஒரு பெண் கடைக்கு வர ஆரம்பித்தார். வீடு செந்தூலில், பக்கத்து ஆபீஸ் ஒன்றில் டைப்பிஸ்ட். சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் நேரே வந்து பெட்டியின் அடியில் கையை விடுவார்.

"மேல இருக்கறதைத்தான் ரேடியோல தேய்க்கறாங்களே பாஸ். அடில புதுசா என்ன வந்திருக்கு?"

"வந்திருக்கு" அல்லது "வரலை." இரண்டில் ஒன்றைச் சொல்வேன். வாரம் முழுக்க வேறு பல வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருப்பேன். சனிக்கிழமை வந்தால் அவை எங்கே போகுமோ தெரியாது.

ஒரு சனிக்கிழமை அவர் பெட்டியைத் தொடவில்லை. நேரே என்னிடம் வந்தார்.

"மினி பஸ்ல ஒரு பாட்டு கேட்டேன். தமிழ்ப் பாட்டு முடிஞ்சதும் ஒருத்தன் இங்கிலீஷ்ல பாடறான். பாதில டக்குன்னு நின்னு போச்சு. டிரைவரைக் கேட்டா உங்க கடைல பதிஞ்சதுன்றாரு. யாரு அவங்க? அயர்லாந்துக்காரங்கதானே?"

"எப்படி..." என்றேன்.

"எங்க கான்வெண்ட் சிஸ்டர் அந்த ஊரு. இதே ராகத்துலதான் எங்களைத் திட்டுவாங்க. அந்த கேசட் இருக்கா? இல்லன்னா மஸ்ஜித் இந்தியா பக்கம் வேற கடைல கேட்டுப் பாக்கறேன்."

வேறு கடையா? அங்கே இருக்கிறவன் நன்றாகப் பேசுகிறவனாக இருப்பான்.

"இருக்கு. அடுத்த சனிக்கிழமை" என்று சொல்லிவிட்டேன்.

அவர் போன பிறகு முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குப்பைல போட்டதை எங்கேருந்துடா எடுத்துக் குடுப்ப?"

கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் எங்கள் வாடிக்கையாளர் வீடுகளில் அந்தப் பாட்டுகள் சிதறிக் கிடந்தன. ஒவ்வொரு கேசட்டின் வாலிலும் ஒன்று. அவற்றைத் திரும்ப வாங்கி, ஒரே டேப்பில் சேர்த்துவிடலாம். கணக்கு சரிதான். ஆனால் அதற்கு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிப் பேச வேண்டும். தட்ட வேண்டிய ஆள் நான்.

முதலில் மினி பஸ் டிரைவர். "டேப்பைக் குடுத்துட்டு நான் எதைக் கேட்டுட்டு ஓட்டறது? தூக்கம் வந்துடும் லா" என்றார். பஸ் கடைசி ஸ்டாப்பில் நின்று, அவர் டீ குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். வேறொரு கேசட்டை ஈடாகக் கொடுத்த பிறகுதான் இதைக் கழற்றினார்.

செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஓர் ஆன்டி கதவைத் திறந்தார். மகளின் கல்யாணத்துக்காக எங்களிடம் பாட்டுப் பதிந்தவர். விஷயத்தைச் சொன்னதும் கையை உதறினார்.

"ஐயோ, அதைத் தர மாட்டேன். அந்த வெள்ளைக்காரன் முனக ஆரம்பிச்சாத்தான் எங்க வீட்டுக்காரர் துண்டை எடுத்துட்டுக் குளிக்கப் போவாரு. டேப் போயிருச்சுன்னா மனுஷன் குளிக்கவே மாட்டாரு."

"நாளைக்கே கொண்டு வந்துடறேன், ஆன்டி."

"நாளைக்கு நாறுவாரே, நீயா பக்கத்துல உக்காருவ?"

உள்ளேயிருந்து அந்த வீட்டுக்காரரின் குரல் வந்தது. "குடுத்துத் தொலைடி, ஒரு நாளாவது நிம்மதியா இருக்கேன்."

கிள்ளானில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. அங்கே காலையில் போடுகிற சாமி பாட்டு கேசட் நாங்கள் பதிந்தது. கடைக்காரர் என்னைக் கண்டதும் குரலை உயர்த்தினார். "நீதானா அது? நான் சாம்பிராணி போடற நேரத்துல அவன் வந்து அழறான்யா! யாருக்கு இப்ப அந்தப் பாட்டு?"

"ஒரு கஸ்டமருக்கு."

"ஆம்பளையா பொம்பளையா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"பொண்ணுதான்!" என்று அவர் கடை முழுவதற்கும் அறிவித்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஒரு லோரி டிரைவர் இலையை மூடிவிட்டு வந்து என் கையைக் குலுக்கினார். அவர் கையில் இன்னும் ரசம் இருந்தது.

இப்படி அந்த வாரம் முழுக்க, கடை அடைத்த பிறகு அலைந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிடைத்ததையெல்லாம் ஒரு டேப்பில் ஏற்றிப் போட்டுக் கேட்டேன். அப்போதுதான் உறைத்தது. முதல் பாட்டு நடுவில் அறுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் அவன் ஏதோ முக்கியமாகச் சொல்ல மூச்சை இழுத்தான், அதோடு சரி. மிச்சமிருந்த டேப்பில் ஏற்றிய பாட்டு டேப் முடிகிற இடத்தில் நிற்காமல் என்ன செய்யும்? அத்தனை வருஷம் அந்த வேலையைச் செய்தும், வாரம் முழுக்க அலைந்தபோது இது என் மண்டையில் ஏறவில்லை.

சனிக்கிழமை அவர் வந்தார். கேசட்டை நீட்டினேன். கவுண்டரில் இருந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு அங்கேயே கேட்டார். நான் பழைய அட்டைகளைத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடியும் துடைத்தேன். அவர் முதலில் தலையாட்டினார், பிறகு புருவத்தைச் சுருக்கினார், கடைசியில் ஹெட்போனைக் கழற்றினார்.

"ஒரு பாட்டுக்கூட முடியலையே, பாஸ்?"

வேறு வழியில்லை. குப்பைக்குப் போன கேசட், மினி பஸ், குளிக்காத புருஷன், கிள்ளான் கடை என்று எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. அவர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எதுக்கு இவ்வளவு அலைச்சல்?"

"நீங்க கேட்டீங்க."

"யார் கேட்டாலும் இப்படித்தான் அலைவீங்களா?"

"இல்ல."

கடையில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது. முதலாளிதான் நிறுத்தினார், நன்றாகக் கேட்பதற்காக.

"இல்லன்னா? அப்புறம்?" என்றார் அந்தப் பெண்.

"டேப் முடிஞ்சிருச்சு" என்றேன். அது எப்படி வாயில் வந்ததோ, தெரியாது.

"அப்ப திருப்பிப் போடுங்க. அடுத்த பஸ் வர்ற வரைக்கும் நிக்கிறேன்."

சொன்னேன். வாரா வாரம் தயார் செய்து வைத்ததையெல்லாம், திக்கித் திக்கித்தான், ஆனாலும் கடைசிவரை சொன்னேன். பாட்டு ஓடாததால் முதலாளிக்கும் கேட்டது, பக்கத்துப் பூக்கடைக்கும் கேட்டது.  அந்தப் பெண் கேசட்டைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். படியில் இறங்கியவர் திரும்பிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை வாங்க, எங்கம்மா வீட்டுலதான் இருப்பாங்க. அவங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம். சத்தமாப் பேசணும், பாஸ்."