ஒயரக்காவும் ஓடாத எழுபது வண்டிகளும்

ஒயரக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே சும்மா உட்கார்ந்திருப்பாள். பட்டப்பெயர் அவ்வளவு ஒட்டிப்போய்விட்டது.

பதினோரு வருஷம் அவள் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். வண்டிகளுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகத் தயாரிக்கும் இடம் அது. கட்டில் அகலத்துக்கு ஒரு பலகை சாய்வாக நிற்கும். பலகை முழுக்க முளைகள். சிவப்பை இந்த முளையில் மாட்டி, மஞ்சளை அந்தப் பக்கம் இழுத்து, கறுப்புக் கோடு போட்ட பச்சையை நடுவில் விட்டு, எல்லாவற்றையும் சேர்த்து டேப் சுற்ற வேண்டும். கட்டுக்கு ஆறு நிமிஷம். ஏழாவது நிமிஷத்தில் சூபர்வைசர் முதுகுக்குப் பின்னால் வந்து தொண்டையைச் செருமுவார். எந்த ஒயர் ஹார்னுக்குப் போகிறது, எது பிரேக் விளக்குக்குப் போகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.

ஒரு நாள் நிர்வாகம் எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டி, "நீங்கள் எல்லோரும் எங்கள் குடும்பம்" என்றது. பழைய ஆட்களுக்கு உடனே விஷயம் புரிந்துவிட்டது. குடும்பம் என்றால் எதையோ பிடுங்கப்போகிறார்கள் என்று அர்த்தம். அப்படியே ஆனது. தொழிற்சாலை வேறு ஊருக்குப் போகிறதாம், குடும்பம் மட்டும் இங்கேயே இருக்குமாம். ஆளுக்கொரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

நாலு மாசம் வீட்டில் இருந்தாள். அவள் கணவர் ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று காலை வேன் கிளம்ப மறுத்தது. பட்டறைக்காரர் வந்து பானெட்டைத் தூக்கிப் பார்த்து, "மொத்த ஒயரிங்கையும் எலி காலி பண்ணிடுச்சு. புதுசு வாங்கி மாத்தணும், பத்து நாள் ஆகும்" என்று கையை விரித்துவிட்டார். கணவர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். இவள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏங்க, இது எங்க லைன்ல கட்டுன கட்டுங்க. டேப் சுத்தியிருக்கிற அழகைப் பாருங்க."

"அழகா இது? வண்டியே போச்சுங்கிறேன்."

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

கடிபட்ட இடத்தை வெட்டி, அதே நிற ஒயரில் துண்டு சேர்த்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாயை அதன்மேல் ஏற்றினாள். பதினேழு இடம். மூன்று மணி நேரத்தில் வேன் உறுமியது. பட்டறைக்காரருக்கு அவமானம் ஒரு பக்கம், நிம்மதி ஒரு பக்கம். எலி கடித்த வண்டி என்றாலே அவருக்கு அலர்ஜி. அன்றிலிருந்து அப்படிப்பட்ட வண்டியை எல்லாம் "ஒயர் அக்காகிட்ட போங்க" என்று திருப்பிவிட ஆரம்பித்தார். ஒயர் அக்கா ஒயரக்கா ஆனாள்.

அப்படித்தான் அந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் காலடி வைத்தாள். அறுபத்து நாலு வீடு, கீழ்த்தளத்தில் எழுபது வண்டி. வாரத்தில் வெளியே போவது ஆறோ ஏழோ. மீதி எல்லாம் உறை போட்டுத் தூங்கும். அங்கே வண்டி என்பது போவதற்கு அல்ல, இருப்பதற்கு. போக வேண்டும் என்றால் போனில் வாடகை வண்டி கூப்பிட்டுக்கொள்வார்கள். "நம்ம வண்டிய எடுத்துட்டுப் போனா எங்க நிறுத்துறது?" என்பார்கள். நிறுத்த இடம் கிடைக்காத கவலையில் நிறுத்தியே வைத்திருந்தார்கள்.

எலிகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? மழை இல்லை, வெயில் இல்லை, அசைவும் இல்லை. பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் பஞ்சு மெத்தைக்கு ஆகும். காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் பிரசவம் பார்த்துக்கொள்ளலாம். எலி மட்டும் இல்லை. ஐந்தாவது மாடிப் பேராசிரியரின் வண்டியில் அணில் குட்டி போட்டிருந்தது. இன்னொரு வண்டியில் பெட்ரோல் மூடிக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. தப்பித்தது இரண்டாவது மாடி நர்ஸின் பழைய சின்ன வண்டி ஒன்றுதான். தினம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடும் அந்த வண்டியில் எலிக்கு உட்காரக்கூட நேரம் கிடைக்கவில்லை.

குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் ஒரு ஓய்வுபெற்ற அதிகாரி. பதவி போனாலும் கையெழுத்து நிற்கவில்லை. எதற்கெடுத்தாலும் சுற்றறிக்கை. எலித் தொல்லைக்கு மட்டும் ஒன்பது விட்டிருந்தார். ஒன்றில் அந்துருண்டை, ஒன்றில் புகையிலை, ஒன்றில் புதினா எண்ணெய். ஒரு முறை, மனிதக் காதுக்குக் கேட்காத சத்தம் போட்டு எலியை விரட்டும் கருவி நாற்பது வாங்கினார்கள். எலி போகவில்லை. கருவி வந்த அட்டைப்பெட்டிக்குள் ஒரு குடும்பம் குடியேறியதுதான் மிச்சம்.

அவருடைய பெரிய வெள்ளை வண்டிக்கும் ஒரு நாள் நோய் கண்டது. ஒயரக்கா வடிகட்டிப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ரோஜா நிறத்தில் ஐந்து குஞ்சுகள், கண் திறக்காமல். சுற்றிலும் மெத்தென்று கிழிந்த காகிதம். ஒரு துண்டை எடுத்துப் பார்த்தாள். 'எலி ஒழிப்பு குறித்து உறுப்பினர்களின் மேலான கவ' என்று இருந்தது. மிச்சம் எலியின் வயிற்றில் இருக்க வேண்டும்.

"அடிச்சுப் போடும்மா" என்றார் செயலாளர்.

"நான் எலக்ட்ரீசியன் சார்" என்று சொல்லி, காகிதத்தோடு வாரி எடுத்துப்போய் மதிலுக்கு அந்தப் பக்கம் புதரில் வைத்துவிட்டு வந்தாள். "ஒரு வார்த்தை சொல்றேன் சார். வண்டிய வாரத்துக்கு ரெண்டு தடவையாவது வெளிய எடுங்க. இதுக்கு வேற மருந்தே கிடையாது."

செயலாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். வண்டியை ஓட்டு என்று இதுவரை யாரும் அவருக்குப் புத்தி சொன்னதில்லை.

அடுத்த மாதம் குடியிருப்பில் ஒரு பேச்சு கிளம்பியது. ஒயரக்காதான் பையில் எலி கொண்டுவந்து விடுகிறாளாம். யார் முதலில் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. கேள்விப்பட்டவர்கள் மட்டும் ஏகப்பட்ட பேர். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அவளையும் வரச் சொன்னார்கள். செயலாளர் வரைபடமே போட்டு வைத்திருந்தார். ஒரு கோடு அவள் வருகை, ஒரு கோடு எலிக்கடி. இரண்டும் கைகோத்துக்கொண்டு மேலே ஏறின.

"இவங்க அதிகமா வர வர, கடியும் அதிகமாகுது. இதுக்கு என்ன சொல்றீங்க?"

"உண்மைதான் சார்" என்றாள் ஒயரக்கா. "எலி கடிச்சாதானே என்னைக் கூப்பிடுறீங்க?"

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அதுதான் வினையாகப் போனது. சிரிப்பு அடங்கும் முன்பே அவள் பையைச் சோதிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. மேஜைமேல் கொட்டினார்கள். மல்டிமீட்டர், டேப், இடுக்கி, ஒயர்ச் சுருள், சாப்பாட்டு டப்பா. டப்பாவையும் திறந்து பார்த்தார்கள். ஒருவர் சோற்றை ஸ்பூனால் கிளறினார்.

அதுவரை சிரித்த முகமாக நின்றவளுக்கு அங்கேதான் முகம் சுண்டிப்போனது. எடுத்துச் சொல்ல அவளிடம் ஒரு விஷயம் இருந்தது. செயலாளரின் மனைவி தினம் புறாக்களுக்கென்று தானியம் இறைப்பது அந்த வெள்ளை வண்டிக்குப் பக்கத்தில், கீழ்த்தளத்துக்கு வண்டி இறங்கும் சரிவில்தான். ஆனால் அந்த அம்மாள் ஒருவர்தான் வேலை நேரத்தில் இவளுக்கு உட்கார ஸ்டூல் கொண்டுவந்து போட்டவர். மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஒயரக்கா வாயைத் திறக்கவில்லை. டப்பாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அவளை உள்ளே விடக் கூடாது என்ற தீர்மானம் மறுநாளே வாசல் கேட்டில் ஒட்டப்பட்டது.

"என்ன ஆச்சு?" என்று கேட்டார் கணவர்.

"ஒண்ணுமில்லை. சோத்துல எலி தேடினாங்க" என்று சொல்லி, டப்பாவை மூன்று முறை தேய்த்துக் கழுவினாள்.

இரண்டு மாதம் போனது. செயலாளரின் மகளுடைய மாமனார் மாமியார் முதன்முதலாக வெளிநாட்டிலிருந்து வந்து இறங்க இருந்தார்கள். சம்பந்தியை வாடகை வண்டியில் அழைத்து வருவதா? உறையை உருவி, பெரிய வண்டியில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார் செயலாளர். முகப்பில் இருந்த அத்தனை விளக்கும் எரிந்தது, வண்டி மட்டும் கிளம்பவில்லை. வலது பக்கம் திரும்ப விளக்குப் போட்டால் கண்ணாடி துடைப்பான் ஆடியது. பிரேக்கைத் தொட்டால் ஹார்ன் அலறியது. பட்டறைக்காரருக்குப் போன் போட்டார். "ஒயரக்காவைக் கூப்பிடுங்க சார்" என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

அவள் வந்தாள். வாட்ச்மேன் குறுக்கே நின்றார்.

"அக்கா, உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனா உள்ள விடக் கூடாதுன்னு சார்தான் கையெழுத்துப் போட்டிருக்கார்."

"நான்தான்யா சொல்றேன், விடு!" என்று கத்தினார் செயலாளர்.

"வாய்ல சொன்னா செல்லாது, எதுவா இருந்தாலும் எழுத்துல வரணும்னு நீங்கதான் சார் போன சுற்றறிக்கையில போட்டிருக்கீங்க."

தீர்மானத்தை ரத்து செய்ய அவசரக் கூட்டம் போட வேண்டும். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். விமானமோ இரண்டரை மணி நேரத்தில் இறங்குகிறது. கடைசியில் பொருளாளரும் மூன்று உறுப்பினர்களும் மூச்சு வாங்க, வெள்ளை வண்டியைச் சரிவில் ஏற்றி, கேட்டுக்கு வெளியே தெருவில் தள்ளி நிறுத்தினார்கள்.

பானெட்டைத் திறந்ததும் தூறல் பிடித்தது. மனைவி குடை கொண்டுவந்து நீட்ட, செயலாளரே ஒயர்களுக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றார். தெருவே வேடிக்கை பார்த்தது. ஒயரக்கா நிமிரவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரம். நடுவில் அவர் போன் பேச அந்தப் பக்கம் போனபோது, குடையை வாங்கிப் பிடித்த மனைவி மெல்லக் கேட்டார்.

"நான் போடுற தானியம்தான் காரணமாம்மா?"

"புறா தின்னது போக மிச்சம் கிடந்தா எலியும் வரும்தாம்மா."

"அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

அந்த அம்மாள் குடையை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் சாய்த்தார். "நாளையிலேருந்து மொட்டை மாடியில போடுறேன். அவர்கிட்ட மட்டும் சொல்லிடாத" என்றார்.

வண்டி கிளம்பியது. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு செயலாளர் நன்றி சொல்லும் வேலையை ஆரம்பித்தார். ஒயரக்கா குறுக்கிட்டாள்.

"சார், இதுதான் கடைசி. இனிமே இந்த வளாகத்துல எலி கடிச்ச ஒயரை நான் ஒட்ட மாட்டேன். வண்டிய ஓட்டுங்க. உங்களால முடியலைன்னா ஓட்ட ஆள் போடுங்க."

கோபத்தில்தான் சொன்னாள். செயலாளர் அதைத் திட்டமாக எடுத்துக்கொண்டார். அடுத்த வாரமே அவள் வீட்டுக்கு வந்து, "அந்த ஆளா நீங்களே இருந்தா என்ன?" என்று கேட்டார். இருபத்தெட்டு வீட்டுக்காரர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். தங்கள் வண்டியைத் தாங்கள் ஓட்டுவதைத் தவிர மற்ற எதற்கும் அவர்கள் தயார்.

காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, மாலையில் ஏற்றப் போகும்வரை கணவருக்கு வேலை இல்லை. அந்த நேரத்தில் ஒவ்வொரு வண்டியாக எடுத்து, ஊருக்கு வெளியே ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிறுத்தினார். பத்து நாளில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

"என்னால முடியலை. நீயும் கத்துக்கோ."

"நாப்பத்து நாலு வயசுலயா?"

"வண்டிக்கு உன் வயசு தெரியவா போகுது?"

கற்றுக்கொண்டாள். முதல் வாரம் கியர் மாற்றும்போதெல்லாம் வண்டி இருமியது. ஒரு தடவை வேலியைத் தொட்டாள். ஒரு மதியம், ஆள் இல்லாத சாலையில் தனியாகப் போனபோது பிரேக்கை மிதித்தாள். கால் அழுத்தியதும் எந்த நிற ஒயர் எந்த வழியாக ஓடிப் பின்னால் விளக்கை எரிய வைக்கிறது என்பது அவள் உடம்புக்குத் தெரிந்தது. வண்டியை ஓரம் கட்டி, சும்மாவே நாலு முறை மிதித்து மிதித்துப் பார்த்தாள். அழுகை வந்தது. ஏன் என்று அவளுக்கே புரியவில்லை. சுற்றுமுற்றும் பார்த்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

மூன்று மாதத்தில் எலிகள் பக்கத்துக் குடியிருப்புக்கு மாறிப்போயின. அங்கே இன்னும் யாரும் வண்டியை எடுப்பதில்லை. அவர்களும் இப்போது ஒயரக்காவுக்குப் போன் போடுகிறார்கள். செயலாளர் 'வாகன இயக்க விழிப்புணர்வுத் திட்டம்' என்று தன் படத்தோடு ஒரு மலர் வெளியிட்டார். அதற்கு விழா எடுத்து, அவளுக்கும் அழைப்பு அனுப்பினார். விழா வேலை நேரத்தில் வைக்கப்பட்டிருந்ததால் அவளால் போக முடியவில்லை. அவளைத் தடை செய்த தீர்மானத்தை ரத்து செய்ய மட்டும் எல்லோரும் மறந்துவிட்டார்கள். வாட்ச்மேன் விதியையும் மீற மாட்டார், அக்காவையும் விட்டுக்கொடுக்க மாட்டார். பதிவேட்டில் தினம் இப்படி எழுதுகிறார்: 'தடை செய்யப்பட்டவர், உள்ளே, காலை 9.40.'

புகார்களும் வராமல் இல்லை. மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் ஒருவர், பழைய கணக்கு வாத்தியார், மீட்டரைப் பார்த்துவிட்டு, "வண்டி ஏகத்துக்கு ஓடியிருக்கே, தேயாதா?" என்று சண்டைக்கு வந்தார்.

"சந்தேகமா இருந்தா நீங்களும் வந்து உக்காருங்க சார்" என்றாள்.

மறுநாள் சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்து முன் இருக்கையில் உட்கார்ந்தார். பத்து நிமிஷம் மீட்டரையே முறைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஜன்னலை இறக்கினார். ஊரைத் தாண்டியதும், "இந்த ரோடு எப்போ போட்டாங்க?" என்று கேட்டார். திரும்பி வரும் வழியில் தலை சாய்ந்து, வாய் திறந்து, நிம்மதியாகக் குறட்டை விட்டார். குடியிருப்பு வாசல் வந்தது. ஒயரக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். எழுப்ப மனசு வரவில்லை. கேட்டைத் திறக்க வந்த வாட்ச்மேனுக்குக் கையைக் காட்டிவிட்டு, இன்னொரு சுற்றுக்கு வண்டியைத் திருப்பினாள்.