மெர்சி என்று கூப்பிட்டால்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் என் காரின் முன் சீட்டில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கலாம். நான் யாரையும் உட்காரச் சொல்ல மாட்டேன்.

ஜேபஸ் கார்வெல் எங்கள் வம்சத்தின் முதல் ஆள். முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன் இங்கிலாந்திலிருந்து மாசசூசெட்ஸுக்குக் குடியேறியவர். அவரிலிருந்து என்வரை தலைமுறை தலைமுறையாகத் தேடிக் கோப்பதுதான் என் பைத்தியம். போன நவம்பரில் அவர் குடும்பத்தைப் புதைத்த கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அம்மாவும் வந்தாள். ஆனால் காரைவிட்டு இறங்கவில்லை. குளிராம்.

ஒரே வரிசையில் மூன்று சின்னக் கற்கள். ஜேபஸின் குழந்தைகள். மூன்றிலும் மெர்சி என்றே இருந்தது. அது என் பெயர்.

கல்லெழுத்தைப் படியெடுக்கும் காகிதச் சுருளுக்காகக் காருக்கு வந்தேன்.

"என்னம்மா, மூணு பேருக்கும் ஒரே பேரு?"

"செத்த பிள்ளை பேரை அடுத்ததுக்கு வைப்பாங்க. நாலாவது மெர்சிதான் பிழைச்சா. அவ வழிதான் நாம."

"பேருக்கு அவ்வளவு பஞ்சமா?"

அம்மா கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

கல்மேல் காகிதத்தை விரித்துக் கறுப்பு மெழுகால் தேய்த்தேன். எழுத்துகள் மெல்லக் காகிதத்தில் எழுந்தன. மணி நாலேகால். இருட்டிக்கொண்டு வந்தது.

சரக்... சரக்...

கையை நிறுத்தினேன். சத்தம் நிற்கவில்லை. கல்லின் அந்தப் பக்கத்திலும் யாரோ தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மெர்சி..." அம்மா காரைவிட்டு இறங்கித் தோட்டத்து வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"வரேம்மா."

நான் வாயே திறக்கவில்லை.

அது குழந்தைக் குரல்.

எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினேன். "அம்மா, யாரோ பதில்..."

"உன்னைக் கூப்பிடலை."

அவள் பார்வை எனக்குப் பின்னால் இருந்தது. காரின் முன் கதவைத் திறந்தாள். பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். மூடினாள். தான் போய்ப் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

காரைக் கிளப்பினேன்.

டிங்... டிங்... டிங்...

முன் சீட்டில் ஆள் இருக்கிறது, பெல்ட் போடவில்லை என்றது கார்.

சீட் காலி.

அம்மா எட்டிக் கை நீட்டி அந்த பெல்ட்டை மாட்டிவிட்டாள்.

சத்தம் நின்றது.

பெல்ட் சீட்டில் படியவில்லை. எதையோ சுற்றி வளைந்து நின்றது...

மறுநாள் அம்மாவின் அக்கா கான்ஸ்டன்ஸ் பெரியம்மாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். வெகுநேரம் மழுப்பினாள்.

"உனக்கு முன்னாடி ஒருத்தி இருந்தாடி. நாலு வயசுல காய்ச்சல்ல போயிட்டா. அந்த மூணு கல்லுக்குப் பின்னாலதான் புதைச்சோம். கல் நட உங்கம்மா விடலை. பேரு வீட்டுலயே இருக்கட்டும்னுட்டா."

"அவ பேரு என்ன, பெரியம்மா?"

போன் வைக்கப்பட்டது.

முந்நூறு வருடத்து ஆட்களைத் தேடிய எனக்கு என் சொந்த அக்காவைத் தெரியவில்லை. தெரியாமல் வைத்திருந்தாள் என்னைப் பெற்றவள். கூடத்தில் மாட்டியிருக்கும் குழந்தைப் படத்தை, நான்தான் என்று எத்தனை பேரிடம் காட்டியிருப்பேன். அது நானில்லை.

இப்போதும் அம்மா "மெர்சி" என்று கூப்பிடுகிறாள். நான் பதில் சொல்வதில்லை.

பதில் வந்துவிடுகிறது.