சீட்டக்கா பார்த்த கடைசி வண்டி

என் மனைவியை அந்த வட்டாரத்தில் எல்லோரும் சீட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கார்களுக்கு சீட் தைப்பது அவள் வேலை. டயர் கடைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட கொட்டகை, ஒரு பெரிய தையல் மிஷின், சுவரோரம் ரெக்சின் சுருள்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கேதான் இருந்தாள். நனைந்து நாறும் சீட்டோடு யாராவது வந்தால் உடனே தைத்துக் கொடுக்கமாட்டாள். "தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாக்காம புதுசு போட்டா, புதுசும் நாறும்" என்பாள். பாதிப் பேர் முகத்தைத் தூக்கிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடுவார்கள். மீதிப் பேரின் வண்டிகளில் அவளே கசிவைத் தேடிக் கண்டுபிடித்தாள். அந்த வேலை அப்படித்தான் அவளிடம் வந்து சேர்ந்தது.

அவளுக்கு நோய் வந்த பிறகு கொட்டகையைப் பூட்டினோம். மருந்து ஏற்றிக்கொள்ள அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தது. அவள் தம்பிதான் தன்னுடைய பழைய காரில் கூட்டிப்போவான். அவன் வீடுகளுக்குக் குழாய் போடுகிறவன். அக்காவின் பக்கத்தில் உட்காரவோ ஆறுதல் சொல்லவோ அவனுக்கு வராது. வண்டி ஓட்டுவது ஒன்றுதான் அவனுக்குச் செய்யக் கிடைத்தது.

மழை ஆரம்பித்ததும் அந்தக் காருக்குள் தண்ணீர் வந்தது. பின்சீட்டுக் காலடியில் விரிப்பு ஊறி, ஈரச் சாக்கு நாற்றம் அடித்தது. மருந்து ஏறிய உடம்புக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. ஒருமுறை திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, சாலையோரம் குனிந்து வாந்தியெடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "இனிமே இந்த வண்டில வரமாட்டேன். டாக்ஸி பிடிச்சுக்கலாம்" என்றாள்.

வீட்டில் எங்களை இறக்கிவிட்ட பிறகும் தம்பி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

"அக்காவையே ஒரு தடவ வண்டியைப் பாக்கச் சொல்லுங்க மாமா. இதையும் வேணாம்னுட்டா நான் வேற என்ன பண்ணுவேன்?"

அவளிடம் போய்ச் சொன்னேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பாமலே, "காலையில நாற்காலியை வெளியே போடுங்க" என்றாள்.

மறுநாள் மழை விட்டிருந்தது. தலையில் துணி கட்டி, சால்வை போர்த்தி, வாசலில் உட்கார்ந்தாள். விரிப்பைக் கழற்றச் சொன்னாள். அடியிலிருந்த ஸ்பாஞ்சைப் பிழிந்தால் பழுப்புத் தண்ணீர் வந்தது. தரைத் தகரத்தைத் துடைத்துக் காயவைத்து, பழைய செய்தித்தாள்களை விரித்தோம். தம்பி டார்ச்சோடு காருக்குள் போனான். ஹோஸ் என் கையில்.

"பீச்சி அடிக்காதீங்க. மழை மாதிரி விழட்டும். கீழேருந்து ஆரம்பிச்சு மெல்ல மேலே போங்க. எடுத்ததும் கூரையில ஊத்துனா எது வழியா வந்துச்சுன்னு எந்தச் சாமிக்கும் தெரியாது."

டிக்கியைப் பார்த்தோம். பின்கண்ணாடியைப் பார்த்தோம். கதவு ரப்பரில் காகிதத்தை வைத்து மூடி இழுக்கச் சொன்னாள், இறுக்கமாகத்தான் இருந்தது. அவள் முகம் கொட்டகையில் இருந்தபோது இருந்த மாதிரி ஆகியிருந்தது. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். ஹோஸ் தண்ணீரில் கை விறைத்தது மட்டும்தான் தெரிந்தது.

பின்கதவுக் கண்ணாடியில் தண்ணீர் விட்டுக் கொஞ்ச நேரம் ஆனதும் உள்ளேயிருந்து தம்பி கத்தினான். "வருதுக்கா! கதவோரமாப் பேப்பர் நனையுது!"

"வெளியே வா. கதவைத் திறந்து ஆட்டு."

ஆட்டினான். பாதி நிறைந்த குடத்தைப் போலக் கதவு தளும்பியது.

"உள்ளே தண்ணி நிக்குது. கண்ணாடி வழியா இறங்கத்தான் செய்யும், எல்லா வண்டியிலயும் இறங்கும். வெளியேற அடியில ஓட்டை விட்டிருப்பாங்க. மண்ணு அடைச்சிருக்கும், பாரு."

தம்பி மண்டியிட்டுக் கதவுக்கு அடியில் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்னடா, அங்கேயே குடியேறிட்டியா?"

"மண்ணு இல்லக்கா."

"பின்ன?"

"நான்தான் அடைச்சேன். வண்டி கழுவுனா அதுலேருந்து சொட்டிக்கிட்டே இருந்துச்சு. குழாய்க்கு வைக்கிற பசையை வச்சுப் பூசிட்டேன்."

"எத்தனை கதவுல?"

"நாலுலயும்."

அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "மத்த மூணும் அப்ப தொட்டியா நிக்குது. இதுல மட்டும் உள்பக்கத்துப் பிளாஸ்டிக் தாள் கிழிஞ்சிருக்கும், அதான் வண்டிக்குள்ள வருது."

"ஆமாக்கா. கண்ணாடி இறக்குற கைப்பிடியை மாத்துனப்ப கிழிஞ்சுது."

"அதை ஏண்டா ஒட்டல?"

"அது சொட்டலியே."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நின்றதும் மறுபடி சிரித்தாள். "நல்லவேளை நீ டாக்டருக்குப் படிக்கல. சளி பிடிச்சு வந்தவனுக்கெல்லாம் மூக்கை அடைச்சு அனுப்பியிருப்ப."

அவன் நாலு கதவிலும் ஸ்க்ரூ டிரைவரால் பசையை நோண்டி எடுத்தான். தண்ணீர் அவன் செருப்பின் மேல் கொட்டியது. பின்கதவின் உள்பலகையைக் கழற்றி, கிழிந்த இடத்தைக் கறுப்புப் பசை நாடாவால் ஒட்டினான். அவள் விரலால் காட்டிக் காட்டி மூலைகளை அழுத்தச் சொன்னாள்.

புது விரிப்பின் ஓரத்தைத் தானே தைப்பதாகச் சொன்னாள். மருந்தில் அவள் விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. ஊசி குத்தி ரத்தம் துணியில் பட்டபோதுகூட அவளுக்குத் தெரியவில்லை. நான் சொன்ன பிறகு விரலைத் திருப்பிப் பார்த்தாள். ஊசியைத் தம்பியிடம் நீட்டினாள். அவன் தைத்தது கோணல்மாணலாக வந்தது. கடையில் என்றால் பிரித்து எறிந்திருப்பாள்.

"இருக்கட்டும்" என்றாள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது நல்ல மழை. டாக்ஸிக்குச் சொல்லவா என்று நான் கேட்கவில்லை. தம்பி பின்கதவைத் திறந்து பிடித்தபடி நனைந்துகொண்டு நின்றான். அவள் குனிந்து உள்ளே மூச்சை இழுத்துப் பார்த்தாள். பிறகு ஏறிக் காலை நீட்டிக்கொண்டாள்.

"கதவை மூடுடா. சாரல் அடிக்குது."

வழியெல்லாம் தூங்கினாள். ஆஸ்பத்திரி வந்ததும் எழுப்பவேண்டியிருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அவன்தான் ஓட்டினான். கடைசி முறையும் அவன்தான்.